சவுத் ராப்: என் ஓட்டு போர்ட் ஆர்தருக்குத்தான்

முதல்லயே சொல்லிடறேன், நான் பேசப்போறது அமெரிக்காவோட தெக்குப் பக்கம், அட்லாண்டா ஹூஸ்டன் மெம்ஃபிஸ் நியூ ஆர்லியன்ஸ் அந்த ஏரியா. நம்மாளுங்க ராப் பத்தி பேச ஆரம்பிச்சா நியூயார்க்கா லாஸ் ஏஞ்சல்ஸா, அந்த ஊர் ராப்பர் பிக்கியா இந்த ஊர் ராப்பர் டூபாக்கான்னு அதே பழைய பஞ்சாயத்துதான், இன்னும் ஓயல. சவுத்னு வந்தா மரியாதைக்கு அவுட்காஸ்ட்ங்கற அட்லாண்டா ஜோடி பேரைச் சொல்லிட்டு மிச்சத்தையெல்லாம் ட்ராப்னு, அதாவது போதைப்பொருள் விக்கற தெருக் கதை ராப்புன்னு, ஒரே மூட்டையா கட்டி ஓரமா வெச்சிடறாங்க. எனக்கு அங்கதான் கடுப்பாகும். ஏன்னா சவுத்னு ஒரே ஒரு சவுண்டு கிடையவே கிடையாது. ஹூஸ்டன்ல தூக்கக் கலக்கத்துல நடக்கற மாதிரி இழுத்துப் போற பாட்டு, அங்கேருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல கிழக்க போனா நியூ ஆர்லியன்ஸ்ல ஆளை ஒரு இடத்துல நிக்க விடாத பாட்டு, மெம்ஃபிஸ்ல அப்படியே பேய்ப்பட மியூசிக். ஊருக்கு ஊர் பேச்சு வேற, பேஸ் வேற, கோவம் வேற.

இன்னொண்ணு, இந்த ஆல்பங்கள்ல பாதிக்கு மேல கார்ல கேக்கறதுக்குன்னே செஞ்சது. நியூயார்க்ல ட்ரெயின்ல போறவன் ஹெட்ஃபோன்ல கேக்கறான், அவனுக்கு வரி தெளிவா விழணும். ஹூஸ்டன் மாதிரி ஊர்ல பால் வாங்கப் போனாலும் ஹைவே ஏறணும், டிக்கி முழுக்க சப்வூஃபர், ஊரே கார்ல வாழுது. அப்ப பாட்டு எப்படி இருக்கும்? பேஸ் முதல்ல, வரி அப்புறம். நான் கேக்கறது ஆபீஸ் பஸ்ல இயர்போன்ல, அதனால அவங்க செஞ்சதுல பாதி எனக்கு வந்து சேர்றதே இல்லன்னு தெரியும், ஆனாலும் கருத்து சொல்றதுக்கு என்ன காசா பணமா.

எல்லாரும் சொல்ற கதையை நானும் ஒருதடவை சொல்லிடறேன். 1995 ஆகஸ்ட், நியூயார்க், சோர்ஸ்ங்கற ஹிப் ஹாப் பத்திரிகை நடத்தின அவார்ட்ஸ். புதுக் குழுவுக்கான விருது அட்லாண்டா பசங்க அவுட்காஸ்ட்டுக்குப் போகுது, ஹால்ல இருந்தவங்க கூச்சல் போட்டு கேலி பண்றாங்க, அவுட்காஸ்ட்ல ஒருத்தரான ஆண்ட்ரே மைக்கைப் பிடிச்சு சவுத்துக்கும் சொல்றதுக்கு இருக்குன்னு ஒரே வரில சொல்லிட்டு இறங்கிடறாரு. இந்த நிமிஷத்துலேருந்துதான் சவுத் ராப் பொறந்துச்சுங்கற மாதிரி எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஹூஸ்டன் கெட்டோ பாய்ஸ் 1991லயே "வி கான்ட் பீ ஸ்டாப்ட்" போட்டாச்சு, மெம்ஃபிஸ் 8பால் அண்ட் எம்ஜேஜி 1993ல "கமின் அவுட் ஹார்ட்" போட்டாச்சு, மயாமி 2 லைவ் க்ரூ ஆல்பத்தை 1990ல ஃபெடரல் ஜட்ஜே ஆபாசம்னு தீர்ப்பு சொல்லி, அப்பீல்ல அது 1992ல ரத்தும் ஆகிடுச்சு. சவுத் பேசிட்டேதான் இருந்துச்சு. நியூயார்க்காரங்க காதுல விழல, அவ்வளவுதான்.

சரி, அட்லாண்டா. இங்க எல்லாம் ஒரு வீட்டோட அடித்தளத்துலேருந்து வந்தது. ரிக்கோ வேட்னு ஒருத்தர், அவரும் ரே மர்ரேயும் ஸ்லீப்பி பிரவுனும் சேர்ந்து ஆர்கனைஸ்ட் நாய்ஸ்னு ஒரு டீம். ரிக்கோவோட அம்மா வீட்ல கீழ, பூச்சுகூட முடியாத, ஜார்ஜியா செம்மண்ணு அப்படியே தெரியற ஒரு அறை, அதுக்கு பேரே டஞ்சன். அங்கதான் அவுட்காஸ்ட், குடீ மாப் எல்லாரும் விழுந்து கிடந்து எழுதினாங்க. ரிக்கோ 2024 ஏப்ரல்ல போயிட்டாரு, அன்னிக்கு நான் வேற எதுவும் கேக்கல, "சோல் ஃபுட்" மட்டும்தான்.

குடீ மாப்போட "சோல் ஃபுட்" 1995 நவம்பர்ல வந்தது, அந்த கூச்சல் நடந்து சில மாசத்துல. ஆல்பம் ராப்ல ஆரம்பிக்காது, குழுவுல ஒருத்தரான சீலோ பாடறாரு, விடுதலை வேணும்னு சர்ச்ல உருகற மாதிரி ஒரு சின்னப் பாட்டு. அவரோட அம்மா அப்பா ரெண்டு பேருமே ஊழியம் பண்ணவங்க, அந்தக் குரல் எங்கேருந்து வருதுன்னு கேட்ட உடனே புரிஞ்சிடும். அப்புறம் "செல் தெரபி", அந்த பியானோ திரும்பத் திரும்ப வந்து ஆளை அரிக்கும், தன்னோட குடியிருப்பைச் சுத்தி எழும்பற வேலி நம்மள காப்பாத்தவா இல்ல அடைச்சு வைக்கவான்னு சந்தேகப்படற பாட்டு. "டர்ட்டி சவுத்"ங்கற பேர் ஊர் ஊரா பரவினதும் இந்த ஆல்பத்துல இருக்கற அதே பேர் பாட்டாலதான். என்னைக் கேட்டா அட்லாண்டாலேருந்து வந்த முதல் முழுமையான ஆல்பம் இதுதான். அவுட்காஸ்ட்டோட 1994 முதல் ஆல்பம் நல்லாதான் இருக்கும், ஆனா அதுல பசங்களுக்கு வயசு தெரியும்.

அவுட்காஸ்ட்டோட "அக்வெமினை" பத்தி நான் புதுசா என்ன சொல்ல. 1998, சோர்ஸ்ல அஞ்சுக்கு அஞ்சு மைக் வாங்குச்சு, மைக்னா அவங்க குடுக்கற மார்க், மூணு வருஷம் முன்னாடி கேலி நடந்த அதே மேடைக்காரங்க பத்திரிகைதான். "ரோசா பார்க்ஸ்" பாட்டு நடுவுல வர்ற ஹார்மோனிகா ஆண்ட்ரேவோட மாற்றாந்தகப்பன் வாசிச்சது, அவரு ஒரு பாஸ்டர். பாட்டுக்கு அந்தப் பேரை வெச்சதுக்கு ரோசா பார்க்ஸ் அம்மா தரப்புலேருந்து கேஸே போட்டாங்க, அது வேற கதை. எனக்கு இந்த ஆல்பம்னா "ஸ்பாட்டியாட்டி" பாட்டுதான். ஏழு நிமிஷம், ட்ரம்பெட் ட்ராம்போன் சோம்பேறித்தனமா ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதுது, மேல ரெண்டு பேரும் ராப் பண்ணாம கதை மாதிரி பேசறாங்க. ஆண்ட்ரே ஒரு க்ளப் ராத்திரியைச் சொல்றாரு, அது சண்டைல முடியுது. அவுட்காஸ்ட்ல இன்னொருத்தரான பிக் பாய் ஒரு பொண்ணைப் பாக்கறாரு, பழகறாங்க, குழந்தை வருது, இப்ப வேலை வேணும், கூரியர் கம்பெனியும் கூப்பிடல, போஸ்ட் ஆபீஸும் கூப்பிடல, ஏன்னா போதை டெஸ்ட்டுக்குக் குடுத்த யூரின் கலங்கலா இருந்துச்சு. லவ் ஸ்டோரி எங்க வந்து நிக்குது பாருங்க. அந்த ஹார்ன்ஸை 2016ல பியான்சே எடுத்து யூஸ் பண்ணப்ப புதுசா கேட்ட பசங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னாங்க, இருக்கட்டும், எப்படியோ கேட்டா சரி.

பொதுவா பிக் பாயை விட்டுட்டு ஆண்ட்ரேவை மட்டும் ஜீனியஸ்னு தூக்கறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆளுக்குப் பாதியா பண்ண அவங்க ரெட்டை ஆல்பம் 2004ல கிராமில ஆல்பம் ஆஃப் தி இயர் வாங்குச்சே, அதுல நான் இன்னிக்கும் போடறது பிக் பாய் பாதியைத்தான். ஆண்ட்ரேவோட பாதியான "தி லவ் பிலோ"ல அரை மணி நேரத்தை வெட்டினா யாரும் தேட மாட்டாங்க.

இப்ப என் கட்சிக்கு வரேன். போர்ட் ஆர்தர், டெக்சஸ். லூசியானா பார்டரை ஒட்டின சின்ன ஊரு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைங்க, புகைபோக்கி, அவ்வளவுதான், ஜேனிஸ் ஜாப்ளின் பொறந்த ஊருன்னு சிலருக்குத் தெரியும். அங்கேருந்து ரெண்டு பசங்க, பன் பி, பிம்ப் சி, சேர்ந்தா யூஜிகே. 1996ல "ரைடின் டர்ட்டி". இந்த ஆல்பத்துக்கு ஒரு சிங்கிள் விடல, ஒரு வீடியோ எடுக்கல. லேபிள் கண்டுக்கவே இல்ல. இருந்தும் பில்போர்ட் 200ல 15ஆவது இடம் வரைக்கும் போச்சு, எல்லாம் கார்லேருந்து காருக்குப் பரவினதுதான்.

பிம்ப் சியோட அப்பா ட்ரம்பெட் வாசிக்கறவரு, பிள்ளைக்கும் சர்ச் பாட்டு, மியூசிக் பாடம் எல்லாம் பழக்கம். தன்னோட பாட்டை ஹிப் ஹாப்னு சொன்னா அவருக்கு ஆகாது, கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்னுதான் சொல்வாரு, நாட்டுப்புறத்தான் ராப்புன்னு வெச்சுக்கோங்களேன். பீட்டுல எப்பவும் ஒரு ஆர்கன் மூச்சு விட்டுட்டே இருக்கும், மேல வா-வா கிட்டார் இழுக்கும், அடில பேஸ் உருளும், அவரு மூக்கால இழுத்து இழுத்துப் பேசி வம்பிழுப்பாரு. பன் பி அப்படியே நேர் எதிர், கனத்த குரல், ஒரு எழுத்துகூட சிந்தாது. "மர்டர்"னு ஒரு பாட்டு இருக்கு, அதுல பன் பி ரெண்டாவது வெர்ஸ் எடுத்து மூச்சு விடாம அடுக்கிட்டே போவாரு பாருங்க, சவுத்காரனுக்கு வரி எழுதத் தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு நான் லிங்க் அனுப்பறது அதைத்தான், பதில் யாரும் போடறதில்ல.

ஆனா ஆல்பத்தோட உயிர் "ஒன் டே". ஐஸ்லி பிரதர்ஸோட பழைய பாட்டுலேருந்து எடுத்த மெட்டு, நேத்து இருந்தவன் இன்னிக்கு இல்லங்கறதுதான் கோரஸோட சாரம். முதல் வெர்ஸ் பாடறது யூஜிகேகூட இல்ல, மிஸ்டர் 3-2ங்கற ஹூஸ்டன் ராப்பர், பதினாலு வயசுல அம்மா வீட்டை விட்டுத் துரத்தினதுலேருந்து ஆரம்பிக்கறாரு. கடைசில பிம்ப் சி வரும்போது அந்த வம்பு, நக்கல் எதுவும் இல்ல, ஃப்ரெண்டோட குழந்தை வீட்டுத் தீயில போனதை சும்மா ஒரு வரில சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடறாரு. அழுது காட்டல. நம்ம ஊர் சாவு வீட்ல வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற பெரியவங்க பேசற மாதிரி, என்னப்பா பண்றது, இப்படி ஆகிடுச்சுன்னு. பாட்டுக்கு நடுவுல நடுவுல ஜெயில்ல இருக்கற ஒரு ஆளோட பேச்சு வேற வரும், அது நடிப்பு இல்ல, நிஜமாவே உள்ள இருந்தவரோட குரல். அதைக் கேட்டப்புறம் கார், வைரம், மர ஸ்டியரிங்னு அவங்க பீத்திக்கறது எல்லாம் வேற மாதிரி கேக்குது, இருக்கறவரைக்கும் அனுபவிச்சுக்கறானுங்கன்னு தோணும். "டயமண்ட்ஸ் அண்ட் வுட்" அதுக்குத்தான், காலைல எழுந்து இந்தப் பொழப்பே வெறுத்துப் போச்சுங்கற மனசு, மேல பளபளப்பு.

அதுக்காக எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கல. பொண்ணுங்களைப் பத்தி பிம்ப் சி பேசறது பல இடத்துல கேக்க முடியாது, பேரே அப்படி, தெரிஞ்சுதான் வெச்சிருக்காரு. வீட்ல ஸ்பீக்கர்ல போட முடியாது. அது அந்தக் காலம் அப்படின்னு சமாளிக்கறவங்களும் இருக்காங்க, அதே வருஷத்துல அதே சவுத்ல அப்படிப் பேசாம ஆல்பம் போட்டவங்களும் இருந்தாங்களே, அதனால அந்த சமாளிப்பு வேணாம். பிடிக்காத இடத்துல ஸ்கிப் பண்றேன், பிடிச்ச இடத்துல திரும்பப் போடறேன்.

"டயமண்ட்ஸ் அண்ட் வுட்" கோரஸ்ல ஒரு குரல் ஸ்லோ ஆகி, கனத்து, பூதம் பேசற மாதிரி வரும். அது ஹூஸ்டன்ல டிஜே ஸ்க்ரூங்கறவரு கொண்டு வந்த வழக்கம். இப்ப யூட்யூப்ல இளையராஜா பாட்டுலேருந்து அனிருத் பாட்டு வரைக்கும் "ஸ்லோட் ரிவெர்ப்"னு போட்டு, மழை பெய்யற ஜன்னல் படம் ஒண்ணு வெச்சு, லட்சக்கணக்குல வியூஸ் வாங்கறாங்க இல்ல, அதோட பூர்வீகம் தேடிட்டுப் போனா ஹூஸ்டன் தெற்குப் பகுதில ஒரு வீட்ல போய் நிக்கும். ஸ்க்ரூ என்ன பண்ணாருன்னா, ஒரே ரெக்கார்டோட ரெண்டு காப்பியை ரெண்டு டர்ன்டேபிள்ல போடுவாரு, ஒண்ணு இன்னொண்ணைவிட ஒரு பீட் பின்னாடி ஓடும், எந்த ரெக்கார்ட் கேக்கணும்னு மாத்தற ஃபேடரை இங்கயும் அங்கயும் தட்டினா ஒரே வார்த்தை ரெண்டு தடவை விழும், ட்ரம் திக்கும். அந்த மிக்ஸை டேப்ல எடுத்து, அதோட வேகத்தையும் இறக்கிடுவாரு. இப்ப ஆப்ல ஒரு பட்டனைத் தட்டி ஸ்லோ பண்றதுல அந்தக் கை வேலை கிடையாது, மெதுவா மட்டும்தான் இருக்கு, வெட்டு இல்ல.

அவரு ஆல்பம்னு போட்டது கம்மி, "3 இன் தி மார்னிங் பார்ட் டூ" மாதிரி சிலதுதான் கடைக்கு வந்தது. நிஜ சரக்கு கிரே கலர் கேசட்டுங்க, வீட்டு வாசல்லயே வித்தாரு, சாயங்காலம் ஆனா தெரு முழுக்க கார் வரிசை, போலீஸ் இங்க போதைப்பொருள் விக்கறாங்கன்னு நினைச்சு வந்து பாத்த கதையெல்லாம் உண்டு. ஃப்ரெண்ட்ஸோட பொறந்தநாளுக்கு அவங்களையே கூப்பிட்டு மைக்கைக் குடுத்து ரிக்கார்ட் பண்ணுவாரு, அப்படி வந்ததுதான் 1996 "ஜூன் 27". அதுல அரை மணி நேரத்துக்கும் மேல ஓடற ஒரே ஃப்ரீஸ்டைல் இருக்கு, பசங்க மாறி மாறி ஊர் பேரு, தெரு பேரு, கார் பேருன்னு விட்டுட்டே இருக்காங்க, முதல்ல போர் அடிக்கும், பத்து நிமிஷம் தாண்டிட்டா வெளிய வர முடியாது. அந்த டேப்புகள்ல பிக் ஃப்ளாய்ட்னு ஒருத்தர் ராப் பண்ணியிருக்காரு, 2020ல மினியாபோலிஸ் போலீஸ் முழங்காலுக்கடில செத்தாரே ஜார்ஜ் ஃப்ளாய்ட், அவரேதான். உலகத்துக்கு அவரு ஒரு வீடியோல தெரிஞ்ச முகம், ஹூஸ்டன்ல ஸ்க்ரூ டேப் வெச்சிருந்தவங்களுக்கு அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே தெரிஞ்ச குரல்.

ஸ்க்ரூ 2000 நவம்பர்ல போயிட்டாரு, முப்பது வயசு ஆகல. கோடீன் கலந்த இருமல் மருந்து அந்த ஊர் மியூசிக்கோட ஒட்டிட்டே வந்த சனியன். பிம்ப் சியும் 2007 டிசம்பர்ல ஹோட்டல் ரூம்ல செத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னிக்கு அந்த ஊதா கலர் கப்பை ஸ்டைல்னு டிபி வெக்கற பசங்களைப் பாத்தா வாயில நல்லா வந்துடும். ஸ்க்ரூவோட ரெக்கார்டுங்க இப்ப ஹூஸ்டன் யூனிவர்சிட்டி லைப்ரரில பாதுகாப்பா இருக்கு, பன் பி ரைஸ் யூனிவர்சிட்டில ஹிப் ஹாப்பும் மதமும்னு பாடமே எடுத்தாரு, இப்ப பர்கர் கடையும் நடத்தறாரு.

ஹூஸ்டன்ல கெட்டோ பாய்ஸ் ஸ்கார்ஃபேஸை விட்டா பாவம். "தி டைரி", 1994, முக்கால் மணி நேரம்கூட வராது, வீணான நிமிஷம்னு ஒண்ணு கிடையாது. சாகறவன் கண்ணு வழியா சாவைச் சொல்ற ஒரு பாட்டு அதுல இருக்கு, ராத்திரி தனியா கேக்காதீங்க. ரெண்டு டிஸ்க், இருபத்தெட்டு பாட்டுன்னு ஆல்பம் போடறவங்க எல்லாரையும் இதைக் கேக்க வெச்சு பரீட்சை வைக்கணும்.

மெம்ஃபிஸ் எனக்கு லேட்டாதான் பிடிச்சது. த்ரீ 6 மாஃபியாவோட "மிஸ்டிக் ஸ்டைல்ஸ்", 1995, சவுண்டு ஏதோ கிணத்துக்குள்ள ரிக்கார்ட் பண்ண மாதிரி இருக்கும், சும்மா சொல்லல, டேப் இரைச்சலே ஒரு வாத்தியம் மாதிரி ஓடிட்டிருக்கும். அந்த ஊர்ல கேசட் வித்ததே கார் ஸ்டீரியோ மாட்டற கடைங்கள்லதான். குழுவுல இருந்த லார்ட் இன்ஃபமஸ் மும்மூணா வார்த்தையை உருட்டற அந்த நடை, இப்ப பாதி உலகமே அப்படித்தான் ராப் பண்ணுது, அவரு பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? ரீல்ஸ்ல கார் ட்ரிஃப்ட் பண்ற வீடியோவுக்குப் பின்னாடி ஓடற ஃபாங்க்ங்கற மியூசிக் இருக்கே, அதுல நசுங்கிப் போய்க் கேக்கற குரல்ல பாதி இந்த ஊர் பழைய டேப்லேருந்து உருவினது. கேங்ஸ்டா பூன்னு ஒரு பொண்ணு "மிஸ்டிக் ஸ்டைல்ஸ்"ல வரும்போது ஸ்கூல் படிக்கற வயசு, கூட இருந்த அத்தனை ஆம்பளைங்களையும் ஓரமா நிக்க வெச்சிடுவா. 2023 ஜனவரி 1ல செத்துட்டா. த்ரீ 6 மாஃபியாவுக்கு 2006ல ஆஸ்கர் கிடைச்சுது, பேய்ப்பாட்டு பாடின பசங்க ஆஸ்கர் மேடைல, நம்பித்தான் ஆகணும்.

நியூ ஆர்லியன்ஸ்ல ஜுவனைலோட "400 டிகிரீஸ்", 1998. முழு ஆல்பமும் மேனி ஃப்ரெஷ் பீட். "ஹா" பாட்டுல ஒவ்வொரு வரியும் ஹாங்கற சத்தத்துல முடியும், நீ இப்படித்தானே, நீ அப்படித்தானேன்னு ஏரியாக்காரனைப் பாத்துப் பேசற தொனி, வீடியோவும் மேக்னோலியாங்கற அரசாங்கக் குடியிருப்புலயே எடுத்தது. அந்தப் பேச்சு வெளியூர்க்காரன் யாருக்கும் புரியல, ஆனா நியூயார்க்லேருந்து ஜே-ஸீயே தேடி வந்து ரீமிக்ஸ்ல பாடினாரு, மூணே வருஷத்துல காத்து எப்படித் திரும்புச்சு பாருங்க. ஓரமா ஒரு பதினாறு வயசுப் பையன் கத்திட்டிருப்பான், லில் வெய்ன். ஆல்பம் நீளம் ஜாஸ்தி, பின்பாதில நான் தூங்கிடுவேன், ஆனா கல்யாணத்துல டிஜே போட வேண்டிய ஒரே சவுத் ஆல்பம் எதுன்னா இதுதான். காத்ரீனா புயலுக்கப்புறம் அந்தக் குடியிருப்புல மிச்சமிருந்ததையும் பெரும்பாலும் இடிச்சுட்டாங்க, வீடியோல இருக்கற கட்டடங்கள்ல பெரும்பாலானது இப்ப வீடியோல மட்டும்தான் இருக்கு.

ட்ராப் பக்கம் சுருக்கமா: டி.ஐயோட "ட்ராப் மியூசிக்" 2003, இன்னும் நிக்குது. ஜீசியோட 2005 ஆல்பம் ஜிம்முக்கு ஓகே, உக்காந்து கேக்க ஓகே இல்ல. ஃப்யூச்சர்ங்கற ராப்பர் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆகிடும்.

கடைசியா பிக் கிரிட். மிசிசிப்பி, மெரிடியன். பீட்டும் அவரே, ராப்பும் அவரே. பிம்ப் சியைக் காப்பி அடிக்கறாருன்னு ஒரு குற்றச்சாட்டு எப்பவும் ஓடும், கேக்கறவங்க காதுல ஏதோ கோளாறு. 2012 ஆல்பத்துல பி.பி. கிங்கையே கிட்டாரோட கூட்டிட்டு வந்து, அடிமைக் காலத்துலேருந்து தப்பிச்சு ஓடறவனைப் பத்தி ஒரு பாட்டு பண்ணியிருக்காரு, அது யாரைப் பாத்து காப்பி? 2017ல வந்த ரெட்டை ஆல்பத்துல முதல் டிஸ்க் ராப்பர் பிக் கிரிட், ரெண்டாவது டிஸ்க் அவரோட சொந்தப் பேருக்காரன் ஜஸ்டின் ஸ்காட். ரெண்டாவதுதான் ஆழம்னு எல்லாரும் எழுதறாங்க, நான் முதல் டிஸ்க்தான், அதுல பிம்ப் சி குரலே வருது, பன் பியும் வர்றாரு. அப்புறம் சப்வூஃபரைப் பத்தியே ஆல்பத்துக்கு ஆல்பம் ஒரு பாட்டுன்னு நாலு பார்ட் போட்டிருக்காரு மனுஷன். நாலுல மூணாவதுதான் டாப், "கேடிலாக்டிகா"ல இருக்கு. இல்லன்னு சொல்றவங்க கமெண்ட்ல வரலாம், வரும்போது எந்தக் கார், என்ன ஸ்பீக்கர்னும் சேத்துச் சொல்லுங்க.